அழியல, படிக்க முடியல

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி வாங்க. டோக்கன் எத்தனை உங்களுக்கு? இருபத்தாறா? இப்பதான் பதினேழு உள்ள போயிருக்கு. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

என்ன, கீழ விழுந்துருச்சா? ஆட்டிப் பாக்காதீங்க சார், அதுக்கு ஆகாது. மடியில வெச்சுக்கிடுங்க. கல்யாண போட்டோவா? சரி, சரி. விண்டோஸ்லதானே போட்டு வெச்சிருந்தீங்க? அப்ப கிடைச்சிரும். இந்தக் கடைக்காரங்க கெட்டிக்காரங்க. டிஸ்க் உடைஞ்சாக்கூட எடுத்துருவாங்க, உள்ள இருக்கிற தட்டைக் கழட்டி வேற பெட்டியில மாட்டி எடுத்துருவாங்க. என்னுது உடையல. பாருங்க, ரெண்டு டிஸ்க். ஒரு கீறல் கிடையாது. சுத்துற சத்தத்தைக் கேட்டா புதுசுன்னு சொல்லுவீங்க. உள்ள எல்லாம் இருக்கு. அழியல. படிக்க முடியல, அவ்வளவுதான்.

இல்ல, வைரஸ் இல்ல. எல்லாரும் அதான் கேக்காங்க.

என் பேரு சுடலைமணி. திருநெல்வேலியில இருந்து வாரேன். இருபத்தோரு வருஷமா லினக்ஸ் சர்வர் பாக்குற வேலை, லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரி இன்னொண்ணு. மாசம் ஒருக்க ரயிலேறி இந்த மெட்ராசுக்கு வந்து ஒவ்வொரு கடையா ஏறி இறங்குறேன். இது பதினாலாவது கடை. பதிமூணு கடையிலயும் ஒண்ணுதான் நடந்துச்சு. டிஸ்க்கை மெஷின்ல மாட்டுவாங்க, உடனே ஒரு பெட்டி வரும், இதைத் துடைச்சு பார்மட் பண்ணணுமான்னு கேக்கும். நான் பின்னாலயே நின்னுக்கிட்டு, நோ குடுங்க, நோ குடுங்கன்னு சொல்லணும். பொறவு அவங்க என்னைப் பாப்பாங்க. இது என்ன பைல் சிஸ்டம் சார், நாங்க கேள்விப்பட்டதே இல்லையேன்னு சொல்லுவாங்க.

பைல் சிஸ்டம்னா என்னன்னு சொல்றேன். டிஸ்க்குன்றது வெறும் நிலம் சார். எது எங்க கிடக்குன்னு எழுதி வைக்க ஒரு முறை வேணுமில்ல, பத்திர ஆபீஸ் மாதிரி? அதான் பைல் சிஸ்டம். நிலம் அப்படியேதான் இருக்கும், பத்திரம் குழம்பிட்டா எந்தத் துண்டு யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. உங்க டிஸ்க்ல இருக்கிற பத்திர முறை உலகம் பூரா தெரிஞ்சது. என்னோடதை உலகத்துல நாலு பேர் படிப்பாங்க. அதுல ஒருத்தர்தான் அதை எழுதினவர்.

உள்ள என்ன இருக்குன்னு கேக்கீங்களா? குரல்.

பாட்டு இல்ல சார். ஆளுங்க குரல். எங்க டிரஸ்ட்ல குரல் வங்கின்னு ஒண்ணு நடத்துறோம். தொண்டையில புத்துநோய் வந்தவங்களுக்குக் குரல்வளையை எடுத்துருவாங்கள்ல, பொறவு பேச முடியாது. அதுக்கு முந்தி அவங்களைக் கூட்டிட்டு வந்து, கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, பத்து மணி நேரம், பதினஞ்சு மணி நேரம் பேச வெச்சுப் பதிவு பண்ணிக்கிடுவோம். பிற்பாடு அதை வெச்சு ஒரு சாப்ட்வேர், அவங்க குரலையே செஞ்சு கொடுக்கும். போன்ல எழுதினா அவங்க குரல்லயே பேசும். ரெஹானா மேடம்னு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம், அவங்க ஆரம்பிச்சது. ஆரம்பிக்கும்போது அந்த சாப்ட்வேர் எங்ககிட்ட இல்ல. எப்படியும் ஒரு நாள் வரும், குரலை இப்பவே எடுத்து வெச்சிருவோம், ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்க முடியாதேன்னு மேடம் சொன்னாங்க. பத்தொம்பது பேர் பதிவு. அதைப் பத்திரமா வெச்சிருக்கிறது என் பொறுப்பு.

நான் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன் சார். அதைத்தான் ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க.

மொதல்ல பழைய பைல் சிஸ்டம்தான் போட்டிருந்தேன், எல்லாரும் போடுறது. ஒரு நாள் பொன்னுத்தாய் டீச்சர்னு ஒருத்தங்க, பதிவு பண்ணிட்டு ஆறே மாசத்துல இறந்துட்டாங்க, அவங்க மகள் வந்து அம்மா குரலைக் கேக்கணும்னு சொன்னா. போட்டோம். நாலு நிமிஷம் நல்லாப் பேசினாங்க. திடீர்னு கர்ருன்னு ஒரு சத்தம். மூணு நிமிஷத்துக்கு அந்தக் கர்ருதான். பேக்கப்பை எடுத்துப் போட்டோம், அதுலயும் அதே இடத்துல அதே கர்ரு. டிஸ்க்ல ஒரு இடம் கெட்டிருக்கு. பழைய பைல் சிஸ்டம் அதை வாயைத் தொறந்து சொல்லாது. கெட்டதை நல்லதுன்னு எடுத்துக் குடுக்கும், பேக்கப்பும் அதையே நல்லதுன்னு வாங்கி வெச்சுக்கிடும். அந்தப் பொண்ணு ஹெட்போனைக் கழட்டி மெதுவா மேஜையில வெச்சா.

அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி இது ஆகாதுன்னு. ஒரு புது பைல் சிஸ்டம் வந்திருந்துச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு போட்டு வெச்சுக்கிடும், படிக்கும்போது கணக்கு ஒத்துப்போகலன்னா இந்த பைல் கெட்டுப்போச்சுன்னு பேரைச் சொல்லி எச்சரிக்கும். இடத்தைச் சுருக்கிக்கிடும். நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே ஒரு பிரதியை நொடியில பிடிச்சு வெச்சுக்கிடும். என்ன, சோதனையில இருக்குன்னு போட்டிருந்தான். எக்ஸ்பெரிமெண்டல்னு. அதை நான் மறைக்கல சார். மேடத்துக்கிட்ட சொன்னேன். சுடலைமணி, அது நமக்குச் சரியா வருமான்னு கேட்டாங்க. வரும் மேடம்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா சரின்னு விட்டுட்டாங்க. எனக்குத் தெரியும்ல? தினமும் காலையில அதை எழுதுறவங்களோட மெயில் பூரா படிப்பேன். என் ஊர்ல வேற யார் படிச்சா?

சோதனையெல்லாம் முடிஞ்சு நிலைப்பட்டதா வேற இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு. ஒண்ணுக்கு மெமரி நிறைய வேணும்னு சொன்னாங்க, எங்க மெஷின் பழசு. சத்தியமாச் சொன்னா, அதையெல்லாம் நான் ரொம்பப் பாக்கல. இதுதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

வள்ளிநாயகம்னு ஒருத்தன், சவுண்டு ரெக்கார்டிங் பாக்குறவன். அவன் வந்து கேட்டான். "அண்ணே, எனக்கு ஒரு பிரதி சாதா டிஸ்க்ல போட்டுக் குடுங்க. எந்த மெஷின்ல செருகினாலும் தெறக்கிற மாதிரி. என் அலமாரியில கிடக்கட்டும்."

"நோயாளிங்க குரல் அலமாரியில கிடக்கக் கூடாதுடே. விதி இருக்கு"ன்னேன்.

விதி இருக்குல்ல சார். டிரஸ்ட்டுக்கு அந்த விதியை எழுதிக் குடுத்ததே நான்தான்.

பேக்கப் டிஸ்க்கையும் புது முறைக்கே மாத்திட்டேன். அது ஏன்னா, ரெண்டும் ஒரே முறையில இருந்தா, மாறினதை மட்டும் இங்கேருந்து அங்க அனுப்பிரும். முன்னால அஞ்சு மணி நேரம் ஆன பேக்கப், நாலு நிமிஷத்துல முடியும். நாலு நிமிஷம் சார். நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.

பதினாலு மாசம் ஒரு குறை இல்ல. ஒரு நாள் அதுவா எச்சரிச்சுது, இந்த பைல் இந்த இடத்துல கெட்டிருக்குன்னு. பேக்கப்ல இருந்து நல்லதை எடுத்துப் போட்டேன். பழைய முறையா இருந்திருந்தா அதுவும் கர்ருதான். மேடத்தைக் கூட்டி வந்து காட்டினேன். அவங்க திரையைப் பாத்துட்டு, நல்ல வேலை பண்ணியிருக்கீங்கன்னாங்க. இருபத்தோரு வருஷத்துல அந்த வார்த்தையை என்கிட்ட சொன்னவங்க கொஞ்சப் பேர். அந்த பைல் யாரோடதுன்னு நினைக்கீங்க? அருளப்பன் அண்ணாச்சியோடது. அவர் குரலை நான் ஒரு தரம் காப்பாத்தியிருக்கேன். அதை யாராவது சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க.

அருளப்பன் அண்ணாச்சின்னா உங்களுக்குத் தெரியாது. உடன்குடிப் பக்கம். கபடி வர்ணனை பண்ணுறவர். எங்க பக்கம் கபடின்னா சும்மா இல்ல, கோயில் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் போட்டி நடக்கும், மைக் பிடிக்க அண்ணாச்சி வேணும். அவர் வந்தாத்தான் கூட்டம் நிக்கும். முப்பது வருஷம் பேசின தொண்டை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால வந்தார். நாங்க குடுத்த வாக்கியங்களைக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொண்ணா வாசிச்சார். வீட்ல அடிக்கடி என்ன பேசுவீங்களோ அதையும் எழுதிட்டு வரச் சொல்லுவோம். அவர் சம்சாரம் ரெஜினாம்மா எழுதிக் குடுத்திருந்தாங்க. "ஏட்டி, குடையை எடுத்துக்கோ." "மீன்காரன் போயிட்டானா?" "எனக்குப் போதும், நீ சாப்பிடு." இப்படி நூறு, நூத்தம்பது.

எல்லாம் முடிஞ்சதும் வள்ளிநாயகம், அண்ணாச்சி, ஒரு மேட்ச் சொல்லுங்களேன்னான். அவர் எந்திரிச்சு நின்னார். எதிர்ல ஒண்ணுமில்ல, வெறும் சுவர். "ஏறி வர்றார் ஏழாம் நம்பர், இடது ஓரத்துல ரெண்டு பேரு கை கோத்து நிக்காங்க, அவங்களைப் பாக்காதது மாதிரி பாக்காரு, கால் நீண்டுருச்சு, தொட்டாரா, தொடலையா, நடுவர் கையைப் பாருங்க, மக்களே, நடுவர் கையைப் பாருங்க." இருபது நிமிஷம். கூட்டுற அம்மா விளக்கமாத்தோட வந்து கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டாங்க. மேடம் நின்னாங்க. வராண்டாவுல இருந்த நோயாளிங்க நின்னாங்க. யார் ஜெயிக்கப்போறான்னு எனக்கே பதைப்பா இருந்துச்சு. கடைசியில இருமல் வந்து உக்காந்துட்டார். துண்டுல ரத்தம். "இது போதுமா மேடம்?"னு கேட்டார். நான் அவர் பேசிக் கேட்டது அதான் கடைசி.

பொறவு எங்க நல்ல நேரம், இல்ல கெட்ட நேரம், ஒரு புண்ணியவான் புது மெஷின் வாங்கிக் குடுத்தார். குரல் செய்யிற சாப்ட்வேரும் வந்துச்சு. அங்கதான் சார் வந்துச்சு வினை. அந்த சாப்ட்வேர்காரன் ஒரு குறிப்பிட்ட லினக்ஸ்லதான் ஓடும்ங்கான். அது நிதானமானது, ரெண்டு வருஷம் பழைய கெர்னல். கெர்னல்னா லினக்ஸோட அடி வேர்னு வெச்சுக்கிடுங்க. என் பைல் சிஸ்டம் வேலை செய்யிறது அந்த வேருக்குள்ள. நானோ பழைய மெஷின்ல மாசா மாசம் புதுக் கெர்னல் போட்டிருக்கேன், ஏன்னா கோளாறைத் திருத்துறது எல்லாம் புதுசுலதான் வரும். ஒவ்வொரு புதுசும் டிஸ்க்ல இருக்கிற பத்திர முறையைக் கொஞ்சம் மாத்தி எழுதிரும். இப்ப பழைய கெர்னல் அதைப் படிக்காது. புதுக் கெர்னலை அந்த மெஷின்ல போட்டா சாப்ட்வேர் ஓடாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்க மாட்டேங்குது.

சாதா டிஸ்க்ல ஒரு பிரதி எடுத்து அங்க கொண்டு போயிருக்கலாமேன்னு கேக்கீங்களா? கேக்கலாம் சார். வள்ளிநாயகமும் கேட்டான். ஒரு நாள் பூரா ஆகும் அந்தப் பிரதிக்கு. எங்களுக்கு ஒரு நாள் இல்ல. அண்ணாச்சி வந்து உக்காந்திருந்தார்.

ஆமா, அவரை வரச் சொல்லியிருந்தோம். முதல் குரல் அவருக்குத்தான்னு மேடம் முடிவு பண்ணியிருந்தாங்க. செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கழுத்துல இருக்கிற ஓட்டைக்கு மேல சின்னதா ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு, ரெஜினாம்மாவோட வந்து உக்காந்துட்டார். பேசாம இருந்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. நான் முந்தின நாள்தான் புது மெஷின்ல எல்லாத்தையும் ஏத்தி முடிச்சிருந்தேன். டிஸ்க்கை மாட்டினா போதும்னு நினைச்சிருந்தேன்.

மாட்டினேன். தெறக்கல. சரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கெர்னல் இருந்துச்சு, நடுவாந்தர வெர்ஷன். அதுல அந்த சாப்ட்வேரும் ஓடும், புது முறையில எழுதினதைப் பழைய முறைக்கு இறக்கியும் குடுக்கும்னு போட்டிருந்தான். அதை ஏத்தி டிஸ்க்கைத் தெறந்தேன். இறக்க ஆரம்பிச்சுது. பாதியில நின்னுருச்சு.

பத்து நிமிஷம் அண்ணாச்சின்னு போய்ச் சொல்லிட்டு வந்தேன். தலையை ஆட்டினார்.

டிஸ்க்ல கோளாறுன்னு நினைச்சேன். நினைப்போமா இல்லையா? அதனால பேக்கப் டிஸ்க்கை எடுத்தேன். வள்ளிநாயகம் பக்கத்துல நின்னான். "அண்ணே, அதையும் இந்த மெஷின்லயே போட வேண்டாமே. பழைய மெஷின்ல போட்டுப் பாருங்களேன்"ன்னான். அவன் சவுண்டு ஆளு சார். அவனுக்குக் கெர்னலைப் பத்தி என்ன தெரியும்? போட்டேன். அதுவும் இறங்க ஆரம்பிச்சு, அதே இடத்துல நின்னுச்சு. அப்பதான் புரிஞ்சுது, டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்லன்னு.

ரெண்டையும் பழைய மெஷின்ல கொண்டுபோய் மாட்டினா, அதுவும் படிக்க மாட்டேங்குது. பாதி புது முறை, பாதி பழைய முறை. எந்தக் கெர்னலுக்கும் சொந்தமில்லாம நடுவுல நிக்குது.

அந்த பைல் சிஸ்டத்தை எழுதினவருக்கு மெயில் போட்டேன். அவர் எந்த நாட்டுலயோ தூங்கிக்கிட்டிருக்கார். மணி ரெண்டு ஆச்சு. கண்ணாடி வழியா பாத்தா அண்ணாச்சி அப்படியே உக்காந்திருக்கார், சாப்பிடக்கூடப் போகல. சரிபாத்துத் திருத்துறதுக்குன்னு ஒரு கட்டளை இருக்கு. கொடுத்தேன். ஒவ்வொரு இடத்துலயும் இதைத் திருத்தட்டுமா, இதைத் திருத்தட்டுமான்னு கேட்டுது. ஆயிரக்கணக்குல கேக்கும்போல. எல்லாத்துக்கும் ஆமான்னு ஒரே தட்டாத் தட்டிட்டேன். முதல் டிஸ்க்குக்கு. பொறவு ரெண்டாவது டிஸ்க்குக்கு.

முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. எல்லாம் சரியாயிருச்சு, கோளாறு எதுவும் இல்லன்னு சொல்லுச்சு. தெறந்து பாத்தேன். ஒரு பேரும் இல்ல. துண்டு துண்டா லட்சக்கணக்குல நம்பர். அதுல சுருக்கி வெச்சிருந்த குரலுக்கு எது முன்னால, எது பின்னாலன்னு தெரியல.

ஏழு மணி வாக்கில அந்த பைல் சிஸ்டம் எழுதினவர்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. நல்ல மனுஷன் சார், ஒரு கோபம் கிடையாது. திருத்துற கட்டளையை மட்டும் கொடுத்துறாதீங்க, ரெண்டு டிஸ்க்கும் அப்படியே இருக்கட்டும், நான் சொல்றதை மட்டும் எடுத்து அனுப்புங்க, பெரும்பாலும் மீட்டுரலாம்னு எழுதியிருந்தார். கீழ இன்னொண்ணும் எழுதியிருந்தார். அந்த நடுவாந்தர வெர்ஷனை யாரும் பயன்படுத்த வேண்டாம்னு ஆறு மாசம் முந்தியே சொல்லியிருந்தேனேன்னு. தேடிப் பாத்தேன். சொல்லியிருந்தார். நான் அதைப் படிச்சு, முக்கியம்னு நட்சத்திரம் போட்டு வெச்சிருக்கேன்.

ஒரு நாளைக்கு ஐந்நூறு மெயில் வரும் சார். யாரா இருந்தாலும் ஒண்ணு விட்டுப்போகும்.

அண்ணாச்சியை நாலு மணிக்கே அனுப்பிட்டோம். நாளைக்குப் பாப்போம்னு சொல்லி. படியில இறங்கும்போது திரும்பி என்னைப் பாத்துக் கும்பிட்டார்.

மறுநாள் மேடம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எத்தனை பேருன்னு. பத்தொம்பது பேர்ல எட்டுப் பேருக்கு இன்னும் பேச்சு இருந்துச்சு, அவங்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் பதிவு பண்ணிக்கிடலாம். மிச்சம் பதினோரு பேர். பென்சிலை வெச்சு ஒவ்வொரு பேரா அந்தத் தாள்ல கோடு போட்டாங்க. சத்தம் போடல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க, சுடலைமணி"ன்னாங்க. இது நியாயமா சார்? சர்வர் பாக்குறவன் வேலையா இது? பைல் சிஸ்டத்துக்கு ஒப்புதல் குடுத்தது யாரு? உங்களுக்குத் தெரிஞ்சா சரின்னது யாரு? நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

முதல்ல அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போனேன். ரெஜினாம்மா குடிக்கக் கலர் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. நான் எதையும் மறைக்கல. ஒரு கபடி நோட்டீஸ் கிடந்துச்சு, அதுக்குப் பின்பக்கம் படம் போட்டு விளக்கினேன். பழைய முறைன்னா என்ன, அதுல என்ன ஆபத்து, பொன்னுத்தாய் டீச்சருக்கு என்ன ஆச்சு, புது முறை ஏன் நல்லது, எப்படி ஒரு தடவை அவர் குரலையே காப்பாத்துச்சு, கெர்னல் எப்படிக் காலை வாரிவிட்டுச்சுன்னு எல்லாம். ஒன்றரை மணி நேரம். அவர் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார். பெரிய மனுஷன் சார். நான் சொன்னது முழுக்கப் புரிஞ்சுக்கிட்டார். கடைசி வரைக்கும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல.

என்ன சார் அப்படிப் பாக்கீங்க?

எல்லாம் முடிஞ்சதும் போனை எடுத்து எழுதிக் காட்டினார். "அப்ப அழிஞ்சு போகலையா?"

நான் சரியா சொல்லணும்ல? டெக்னிக்கலா அது அழியல. துண்டு துண்டா டிஸ்க்ல கிடக்கு. "அழியல அண்ணாச்சி, இருக்கு. இப்போதைக்குப் படிக்க முடியல"ன்னேன். அதைக் கேட்டதும் ரெஜினாம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அவர் எழுதினார். "இருந்தா போதும். மெதுவா எடுங்க."

கிளம்பும்போது ரெஜினாம்மா ஒரு போனைக் கொண்டு வந்து காட்டினாங்க. ஏதோ ஊர்த் திருவிழாவுல எவனோ எடுத்த வீடியோ. ஒரே விசில், குழாய் ஸ்பீக்கர் சத்தம், அதுக்குள்ள அண்ணாச்சி குரல். நாப்பது செகண்ட். அது எதுல இருந்துச்சு தெரியுமா? பட்டன் போனோட மெமரி கார்டுல. அதுல இருக்கிற பத்திர முறை நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே பழசு. கணக்கு கிடையாது, எச்சரிக்கை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனா எதுல செருகினாலும் பாடும். டி.வி.யில செருகு, பாடும். கார்ல செருகு, பாடும். அந்தக் கார்டைப் பாத்ததும் எனக்கு என்னவோ எரிச்சலா வந்துச்சு.

அது போதுமா, அதை வெச்சுக் குரல் செய்ய முடியுமான்னு எழுதிக் கேட்டார். சாப்ட்வேருக்குச் சுத்தமா எட்டு மணி நேரமாவது வேணும். விசிலுக்குள்ள இருக்கிற நாப்பது செகண்ட்ல ஒண்ணும் ஆகாது. முயற்சி பண்றேன் அண்ணாச்சின்னு சொன்னேன்.

மத்தவங்க வீட்டுக்கா? போனேன். ரெண்டு வீட்டுக்குப் போனேன். பொறவு மேடத்துக்கிட்ட லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுட்டேன். மத்தவங்களுக்கு வள்ளிநாயகம் போய்ச் சொன்னான்னு கேள்விப்பட்டேன். அந்த எட்டுப் பேருக்கும் குரல் வந்துருச்சாம். நல்லா இருக்காம். இப்ப அங்க பழைய பைல் சிஸ்டம்தான். எழுதி வெச்சிருக்காங்களாம், ஒரு பிரதி கண்டிப்பா சாதா டிஸ்க்லன்னு. என் டிஸ்க் ரெண்டையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க, இது எங்களுக்கு உபயோகப்படாதுன்னு. என்ன பேச்சு அது. விதிப்படி நோயாளி குரலை வெளிய குடுக்கக் கூடாதே. குடுத்துட்டாங்க பாருங்க.

அண்ணாச்சிக்கு சாப்ட்வேரோட வர்ற பொதுக் குரல் ஒண்ணைப் போட்டுக் குடுத்தாங்க. செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தமா பேசும். மீன்காரர் போய்விட்டாரா, அப்படின்னு. அதை அவர் ஒரு தரம் கேட்டுட்டு அணைச்சுட்டாராம். எனக்கு எழுதினார், வேண்டாம், என்னுது வரட்டும்னு.

அதுல இருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வரும். காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து அனுப்புவார்போல, பத்தரைக்கு வரும். "ஆச்சா?" அவ்வளவுதான். நான் "நடந்துக்கிட்டிருக்கு அண்ணாச்சி"ன்னு போடுவேன். அவர் ஒரு கும்பிடு போடுவார். ஒம்போது மாசமா இப்படி. பொய்யின்னு சொல்ல முடியாது சார். நடந்துக்கிட்டுத்தானே இருக்கு? மாசா மாசம் வாரேன்ல? பதினாலு கடை ஏறியிருக்கேன்ல?

இல்ல, கிடைக்காது. தெரியும். நான் ஆமா தட்டினப்ப அது துண்டுகளுக்கு மேலயே எழுதியிருக்கு. அதை எழுதினவரே பாத்துட்டுச் சொல்லிட்டார், என்னை மன்னிச்சிருங்க, இதுல எடுக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லன்னு. அது மார்ச் மாசம். அதுக்கு அப்புறமும் ஏன் வாரேன்னு கேக்கீங்க. ஞாயித்துக்கிழமை நடந்துக்கிட்டிருக்குன்னு போடணும்ல சார். ஒண்ணும் நடக்காம எப்படிப் போட?

நீங்க கேக்கலாம், உண்மையைச் சொல்லிரலாமேன்னு. சொல்லலாம். ரெண்டு மூணு தரம் எழுதிட்டேன். அனுப்பல. இருந்தா போதும்னு சொன்ன மனுஷன்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்ல?

இருபத்தஞ்சா கூப்பிட்டாங்க? அடுத்து உங்களுதுதான். நீங்க போங்க. நான் டோக்கன் வாங்கல. வாங்கணும். நீங்க வரும்போதே வாங்கியிருக்கணும், சும்மா உக்காந்துட்டேன். பத்து மணியில இருந்து உக்காந்திருக்கேன்.

இந்த ரெண்டு ஞாயிறா மெசேஜ் வரல சார். பத்தரைக்குப் பாத்தேன், பதினொண்ணுக்குப் பாத்தேன், ஒண்ணும் வரல. போன்ல காசு தீந்துருக்கும், இல்ல வெளியூர் போயிருப்பாங்க. போன் பண்ணிக் கேக்கலாமேன்னு நினைப்பீங்க. எப்படிக் கேக்க? பண்ணினா அண்ணாச்சி எடுத்துப் பேச முடியாது. வேற யாராவதுதான் எடுப்பாங்க. எடுத்து ஹலோன்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சு போயிரும்.

போங்க சார், கூப்பிடுறாங்க. டிஸ்க்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க.